மூன்றாம் பாகத்தில் மூடி வைத்த பொன்னியின் செல்வன்

கேள்வி இது: "பொன்னியின் செல்வனை மூன்றாம் பாகத்தின் நடுவில் நிறுத்திவிட்டேன். வீட்டில் பெரியவர்கள் அதற்கு இணையான நாவல் தமிழில் இல்லை என்கிறார்கள். நண்பர்களில் பலர் இழுவை என்றும், நம்ப முடியாத தற்செயல்கள் என்றும், வரலாற்றைத் திரித்த கதை என்றும் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி? மேலே படிக்கலாமா?"

படிக்கலாம் என்பதே என் விடை. ஆனால் உங்கள் நண்பர்களின் குறைகளை ரசனைக் குறைவு என்று ஒதுக்கிவிட்டு இந்த விடையைச் சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் சொல்லும் குறைகளில் சில உண்மையானவை. வேறு சில, அந்த நாவல் எப்படி எழுதப்பட்டது என்பதை அறிந்தால் குறையாகத் தோன்றாதவை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் ஒரு தரப்பு எல்லாவற்றையும் போற்றுகிறது, மறு தரப்பு எல்லாவற்றையும் தள்ளுகிறது.

கல்கி என்ற எழுத்தாளர் தம் பெயரிலேயே நடத்திய கல்கி வார இதழில் 1950 அக்டோபர் இறுதியில் தொடங்கி 1954 மே நடுவில் முடிந்த தொடர்கதை அது. மூன்றரை ஆண்டுகளில் ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். அதை முதலில் படித்தவர்களுக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டு அத்தியாயங்களே கிடைத்தன. நடுவில் ஆறு நாள் இடைவெளி, வீட்டில் ஒரே இதழுக்கு நாலைந்து பேர் போட்டி, அடுத்து என்ன நடக்கும் என்று திண்ணையிலும் அலுவலகத்திலும் பேச்சு. இன்று நாம் ஐந்து பாகங்களையும் ஒரே கட்டாக வாங்கி, விடுமுறை முடிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று உட்காருகிறோம். எழுத்து அதேதான், படிக்கும் வேகம் மட்டும் பல மடங்கு கூடிவிட்டது.

எங்கள் குடும்பத்தில் என் பெரியம்மா இதழ்களிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்து பைண்டு செய்த தொகுப்பைத்தான் நான் முதலில் படித்தேன். மணியத்தின் ஓவியங்கள் அதில் இருந்தன. சில பக்கங்களின் பின்புறத்தில் வேறொரு கட்டுரையின் வால் தொங்கிக்கொண்டிருக்கும், சில இடங்களில் தையலுக்குள் வரியின் முதல் எழுத்துகள் போயிருக்கும். அந்தத் தொகுப்பில் ஒவ்வொரு வாரத்தின் எல்லையும் கண்ணுக்குத் தெரியும். ஒரு வாரப் பகுதி ஓர் அலறலோடோ கதவுக்குப் பின்னால் கேட்ட காலடி ஓசையோடோ முடியும். அடுத்த வாரம் ஆசிரியர் நேயர்களை அழைத்து, கதையை நடத்திச் செல்லும் குதிரை வீரன் வந்தியத்தேவனை எந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம் என்று நினைவூட்டிவிட்டு மேலே செல்வார். நூலாகப் படிப்பவருக்கு இந்த நினைவூட்டல் சொன்னதையே சொல்வதாகத் தோன்றும். வாரக்கணக்கில் காத்திருந்தவருக்கோ அது விட்ட இடத்தில் கைபிடித்து ஏற்றிவிடும் உதவி. இழுவை என்ற புகாரில் பாதி இங்கேயே கரைந்துவிடுகிறது.

மீதிப் பாதி கரையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்றாம் பாகமாகிய "கொலை வாள்", நாவலின் தளர்ந்த பகுதி என்பதே என் கருத்து. முதல் பாகத்தில் ஒரு குதிரை வீரனின் பயணம் கதையை இழுத்துச் செல்கிறது. இரண்டாம் பாகத்தில் கோடிக்கரை, கடல், இலங்கை, புயல் என்று களமே மாறிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் பாகத்தில் எல்லோரும் சோழ நாட்டுக்குத் திரும்பி, முன்பே நமக்குத் தெரிந்த ரகசியங்களை ஒருவர் மற்றவரிடம் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு செய்தி வாசகருக்கு ஒருமுறை, இளவரசி குந்தவைக்கு ஒருமுறை, முதன்மந்திரி அநிருத்தருக்கு ஒருமுறை என்று மூன்று முறை வருகிறது. நீங்கள் நின்ற இடம் பலரும் நிற்கும் இடம். நான்காம் பாகம் கெடிலக் கரையில் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனோடு தொடங்கி, அவன் கடம்பூர் மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தபின் நாவல் மீண்டும் இறுகுகிறது. ஒரு கூரையின் கீழ் விருந்தினர், விருந்தளிப்போர், சதிகாரர், காதலர், கொல்ல வந்தவர் எல்லோரையும் அடைத்துவைத்துக் கதவைச் சாத்துகிறார் கல்கி. அங்கிருந்து கொலை நடக்கும் இரவு வரையிலான அத்தியாயங்களுக்கு நிகரான பதற்றத்தைத் தமிழ்த் தொடர்கதைகளில் நான் அதிகம் கண்டதில்லை.

அடுத்தது தற்செயல்கள். வந்தியத்தேவன் எங்கே ஒளிந்தாலும் அவன் காதில் ரகசியம் விழுகிறது, எந்தச் சுவரைத் தட்டினாலும் சுரங்கப்பாதை திறக்கிறது என்ற குற்றச்சாட்டு உண்மை. இதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் முதல் பாகத்தில் கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். குரவைக் கூத்தும் வேலனாட்டமும் முடிந்து ஊர் உறங்கியபின் சிற்றரசர்கள் கூடுகிறார்கள். அடுத்த பட்டம் யாருக்கு என்ற பேச்சு எழுகிறது. பெண்கள் மட்டுமே செல்லும் மூடுபல்லக்கிலிருந்து இளவரசர் மதுராந்தகர் வெளிப்படுகிறார். இதையெல்லாம் ஒளிந்திருந்து பார்ப்பவன், அந்த வீட்டுப் பிள்ளை கந்தன்மாறனின் நண்பனாக அன்றிரவு அங்கே தங்க வந்தவன். ஒட்டுக்கேட்டது தற்செயல்தான். ஆனால் கேட்டதன் விளைவாக அவனுக்கு நண்பனின் நட்பு போகிறது, கத்திக்குத்துப் பழி வருகிறது, பாதி நாட்டின் பகை வந்து சேர்கிறது. நாவலின் முற்பகுதியில் தற்செயலுக்கு இப்படி ஒரு விலை உண்டு. பிற்பகுதியில் அந்த விலை குறைந்துகொண்டே போகிறது, எனக்கு வருத்தம் அங்கேதான்.

வரலாறு பற்றிய சண்டை இவற்றைவிடக் கனமானது. இதில் இரு தரப்பினரும் அவசரப்படுகிறார்கள் என்பது என் எண்ணம்.

காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. "பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனை" அதாவது ஆதித்த கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களுடைய உறவினர்களின் நிலங்களைப் பறிமுதல் செய்யும் அரசாணையை ஒட்டிய ஆவணம் அது. கொலையின் காரணம் அதில் இல்லை. எங்கே, எப்படி, யார் தூண்டுதலால் என்பதும் இல்லை. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்றும், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்றும் பட்டங்கள் இருந்தன என்பது மட்டும் தெரிகிறது. பிரமாதிராஜன் என்பது அந்தண அதிகாரிகளுக்கு அரசர் அளித்த பட்டம். ஆக, அரச பதவியோடு தொடர்புடைய சிலர் பட்டத்து இளவரசனைக் கொன்றிருக்கிறார்கள். தண்டனை பற்றிய இந்த ஆவணமோ கொலைக்குப் பல ஆண்டுகள் கழித்து, நடுவில் உத்தம சோழர் ஆண்டு முடித்து ராஜராஜன் 985இல் பட்டமேறிய பிறகுதான் நமக்குக் கிடைக்கிறது.

இந்த இடைவெளிதான் ஐயத்தின் ஊற்று. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழருக்கு இந்தக் கொலையில் பங்கிருக்கலாம் என்று கருதினார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இவ்விருவரின் ஆராய்ச்சிகளும் கல்கியின் காலத்தில் வெளிவந்திருந்தவை. கல்கி அந்தக் கல்வெட்டின் பெயர்களை எடுத்துக்கொண்டார். ஆனால் அவர்களைப் பாண்டிய நாட்டின் ஆபத்துதவிகளாக (மன்னனைக் காக்கச் சபதம் செய்த மெய்க்காவலராக), கரிகாலன் வெட்டிய வீரபாண்டியனின் தலைக்குப் பழிவாங்க வந்தவர்களாக மாற்றினார். பட்டம் பெற்ற அதிகாரிகள் மந்திரவாதிகளாகவும் நள்ளிரவில் பள்ளிப்படையில் (இறந்த அரசரின் நினைவுக் கோயிலில்) சபதம் செய்பவர்களாகவும் ஆனார்கள். அரண்மனைக்குள்ளிருந்து வந்த துரோகம் எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பகையாக மாறியது. கல்கி வரலாற்றைத் திரித்தார் என்று சொல்பவர்கள் சுட்டிக்காட்டும் இடங்களில் மிக வலுவானது இதுதான். நாவலை நேசிப்பவன் என்ற முறையில் இதற்கு என்னிடம் மழுப்பலான பதில் இல்லை. மாற்றினார் என்பது உண்மை. சாட்சியம் பாதியில் நிற்கும் இடத்தில் நாவலாசிரியர் மீதியைக் கட்டலாம். இங்கே அவர் மீதியைக் கட்டியதோடு, இருந்த பாதியின் நிறத்தையும் மாற்றிவிட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாவலின் முதல் காட்சி எங்கே நடக்கிறது? ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, வீரநாராயண ஏரிக்கரையில். மக்கள் கூட்டாஞ்சோறும் சித்திரான்னமும் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள், கமுகு மட்டைகளில் வைத்து உண்கிறார்கள். ஏரியின் எழுபத்துநாலு கணவாய்களிலும் புதுவெள்ளம் பாய்கிறது. ஒரு வாலிபன் குதிரைமேல் இதைப் பார்த்துக்கொண்டே வருகிறான். இன்று வீராணம் என்று நாம் அழைக்கும் அந்த ஏரிக்கரையின் பக்கத்து ஊரில்தான் துரோகிகளின் பெயர் பொறித்த கல்வெட்டு இருக்கிறது. கொலையின் ஒரே சாட்சி நிற்கும் ஊரின் விளிம்பில், அந்தக் கொலையைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமல், தண்ணீரும் சோறும் சிரிப்புமாகக் கதையைத் தொடங்குகிறார். திட்டமிட்டுத்தான் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. இந்தப் பொருத்தத்தை அறிந்தபின் அந்த முதல் அத்தியாயத்தை என்னால் பழைய மனநிலையோடு படிக்க முடிந்ததில்லை.

எதிர்த்தரப்பின் தவறும் உண்டு. எல்லாமே கட்டுக்கதை என்று சிலர் சொல்கிறார்கள். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், ஊமை ராணி ஆகியோர் கற்பனைதான். ஆனால் அநிருத்தப் பிரமராயர் அன்பில் செப்பேட்டில் இருக்கிறார். பழுவேட்டரையர்கள் பழுவூர்ப் பகுதிக் கல்வெட்டுகளில் இருக்கிறார்கள். சோழப் பேரரசி செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய (கல்லால் எடுப்பித்த) கோயில்கள் இன்றும் நிற்கின்றன. வந்தியத்தேவனைப் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை ராஜராஜனின் திருத்தமக்கையார் என்றும் வல்லவரையர் வந்தியத்தேவரின் மாதேவியார் என்றும் குறிக்கிறது. அவரைப் பற்றிக் கல்கி கையில் எடுத்த சான்று ஏறத்தாழ அந்த ஒரு தொடர்தான். அதிலிருந்து பேசிச் சிரித்து, அவசரப்பட்டு, பொய் சொல்லி மாட்டிக்கொண்டு, மறுபடி தப்பிக்கும் ஒரு மனிதனை எழுப்பியிருக்கிறார். அதே கோயிலில் ராஜராஜன் தான் கொடுத்தனவற்றைச் சொன்ன கையோடு "நம் அக்கன் குடுத்தனவும்" என்று சொல்லி, அதற்குப் பிறகே "நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று தன் தேவியரைச் சொல்கிறான். நாவலில் குந்தவைக்கு இவ்வளவு அதிகாரமா என்று ஐயப்படுபவர்கள் இந்த வரிசையைப் பார்க்க வேண்டும்.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் போன்ற இடங்களில் காலம் சற்று முன்பின் ஆகிறது. செப்பேட்டின்படி அது ராஜராஜன் ஆட்சியில் எழுந்தது, நாவல் அதற்கு முந்தைய தலைமுறையிலேயே அங்கே ஒரு விகாரத்தைக் காட்டுகிறது. இத்தகைய பிழைகளை அடுக்கி நாவலைத் தோற்கடிக்க முயல்வது வீண் வேலை.

நான் உண்மையிலேயே விவாதிக்க விரும்புவது நாவலின் மையமாகிய அரியணைத் துறவைப் பற்றி. ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, குடிமக்கள் வேண்டியும் அருண்மொழி (பின்னாளில் ராஜராஜன், நாவலின் பொன்னியின் செல்வர்), தன் சிற்றப்பன் உத்தம சோழர் நாட்டை விரும்பும் வரை அதை மனத்தாலும் விரும்பவில்லை என்று சொல்கிறது. கடைசிப் பாகத்துக்குத் "தியாகச் சிகரம்" என்று பெயர் வைக்கக் கல்கிக்கு அடிப்படை அதுவே. ஆனால் அந்தச் செப்பேடு வெட்டப்பட்டது அருண்மொழியின் மகன் ஆட்சியில். தந்தையைப் பற்றி மகனின் ஆட்சியில் பாடப்பட்ட புகழ்ப்பாட்டு அது. உட்பகை, வலிமைக் கணக்கு, தற்காலிகச் சமரசம் என்று வேறு காரணங்களும் அந்தப் பெருந்தன்மைக்குப் பின்னால் இருந்திருக்கலாம். கல்கி அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. அதனால்தான் பொன்னியின் செல்வர் என்ற பாத்திரம் அழகாக இருந்தும் சற்றே தூரத்தில் நிற்கிறது. அவருக்குள் ஆசை எழுந்து, அதை அவர் வென்ற ஒரு நாழிகையை நமக்குக் காட்டியிருந்தால் அந்தத் தியாகம் இன்னும் வலித்திருக்கும். தலைப்பு ஒருவர் பெயரில், கதை இன்னொருவன் முதுகில் என்று பலரும் சொல்வதன் அடியில் இருக்கும் குறை இதுதான். வந்தியத்தேவன் தவறுகிறான், ஆகவே அவனோடு நடக்கிறோம். அருண்மொழி தவறுவதே இல்லை, ஆகவே அவரை அண்ணாந்து பார்க்கிறோம்.

விடுதலை பெற்று மூன்றாண்டு முடிந்த சில வாரங்களில் தொடங்கி, முதல் பொதுத்தேர்தலைத் தாண்டி ஓடிய தொடர் இது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கிறேன். எழுதியவர் சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். பதவி கைக்கு எட்டும் நேரத்தில் அதை விட்டுக்கொடுக்கும் ஒருவனை நாட்டுக்குக் காட்ட வேண்டும் என்று அவர் விரும்பியிருந்தால் அந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன். அந்த ஆர்வம்தான் கலையாக இந்தப் பாத்திரத்தைக் கொஞ்சம் மெலியவும் செய்திருக்கிறது.

பழுவூர் ராணியாகிய நந்தினியைப் பற்றிய பிளவு இந்தத் தலைமுறையில் கூர்மையாகியிருக்கிறது. அழகான பெண்ணை விஷம் என்று காட்டும் பழைய வார்ப்பு என்கிறார்கள் சிலர். ஆசிரியரின் குரலும் மற்ற பாத்திரங்களின் குரலும் அவளைப் பாம்பு, மோகினி என்று பேசுமிடங்களில் இது சரிதான். ஆனால் அவளையே பேசவிட்ட இடங்களைப் படியுங்கள். பிறப்பு தெரியாமல் வளர்ந்தவள், அரண்மனைக்குத் தகாதவள் என்று விரட்டப்பட்டவள், உயிர்ப்பிச்சை கேட்டும் அது மறுக்கப்பட்டுக் கண்ணெதிரே ஒரு தலை விழக் கண்டவள். மீன் சின்னம் பொறித்த வாளை அவள் மடியில் வைத்துக்கொண்டிருக்கும் காட்சியில் வெறும் வஞ்சகியை நான் பார்க்கவில்லை. சோழர்களின் வெற்றிக்கு ஒரு விலை இருந்தது, அதைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள் என்று நாவல் ஒப்புக்கொள்வது பெரும்பாலும் அவள் வழியாகத்தான். ஆசிரியர் தாம் வகுத்த அளவைவிட அவளைப் பெரிதாக எழுதிவிட்டார் என்றே நம்புகிறேன். அவளை மட்டம் தட்டும் வரிகள் இன்று நெருடுவதும் அதனால்தான்.

ராஜராஜன் காலத்து நாவல் என்று போர்க்களங்களை எதிர்பார்த்து வருபவர்களும் ஏமாறுகிறார்கள். கதை நடக்கும் சில மாதங்களில் பெரும்போர் ஒன்றையும் கல்கி நேரே காட்டவில்லை. திருப்புறம்பியம் போர் பழங்கதையாக வருகிறது, ஈழப்போர் பின்னணியில் நிற்கிறது. போரின் விளிம்பில் நின்றுகொண்டு போர் மூளாமல் தடுப்பதுதான் நாவலின் வேலை. எனக்கு இது பிடித்திருக்கிறது. அதே நேரம் நிலம், வரி, சபைகள், கூலியாட்கள் என்று கல்வெட்டுகள் நிரம்ப நமக்குக் காட்டும் சோழ நாடு இதில் மிகக் குறைவு என்ற விமர்சனத்தையும் ஏற்கிறேன். ஓடக்காரப் பெண்ணும் பூக்காரக் குடும்பமும் வந்தாலும் அவர்கள் உழைப்பு வருவதில்லை.

முடிவைப் பற்றி, நீங்கள் இன்னும் படிக்காததால், முடிச்சை அவிழ்க்காமல் சொல்கிறேன். இருளில் நடக்கும் அந்தக் கொலைக்கு நாவலுக்குள் ஒருவர் பொறுப்பேற்கிறார். அதன் பிறகும் வாசகர் மனத்தில் வேறு கைகள் தெரிந்துகொண்டே இருக்கும். தொடர் முடிந்ததும் வாசகர்கள் திருப்தியில்லாமல் கேள்விகள் எழுப்ப, கல்கி ஒரு முடிவுரை எழுதி, யார் யார் என்ன ஆனார்கள் என்று பதில் சொல்லியிருக்கிறார். இன்று நடக்கும் இந்தக் கருத்து வேறுபாடு 1954இலேயே தொடங்கிவிட்டது என்பதற்கு அந்த முடிவுரையே சான்று. அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். கல்வெட்டு மௌனமாக இருக்கும் இடத்தில் நாவலும் முழுமையாகப் பேசாமல் நிறுத்தியது எனக்கு நேர்மையாகப் படுகிறது. மதுராந்தகர் பற்றிய இறுதித் திருப்பம் அப்படிப் படவில்லை. வரலாற்றையும் தம் கற்பனையையும் ஒரே முளையில் கட்டுவதற்காகச் செய்த சாமர்த்தியம் அது, கயிறு வெளியே தெரிகிறது. 2022, 2023 ஆண்டுகளில் வந்த திரைப்படங்கள் அந்தத் திருப்பத்தை விட்டுவிட்டன. படம் பார்த்துவிட்டு நூலுக்கு வருபவர்கள் அந்த இடத்தில் திகைப்பார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மூன்றாம் பாகத்தை விட்ட இடத்திலிருந்தே எடுங்கள், ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயங்களுக்கு மேல் படிக்காதீர்கள். ஏற்கெனவே தெரிந்த ரகசியத்தை யாராவது யாரிடமாவது விவரிக்கத் தொடங்கினால் அந்தப் பக்கத்தைக் கண்ணால் கடந்துவிடுங்கள், எதையும் இழக்க மாட்டீர்கள். கடம்பூர் அத்தியாயங்களில் மட்டும் வேகத்தைக் குறைத்து, ஒவ்வோர் அறையிலும் யார் யார் இருக்கிறார்கள், விளக்கு யார் கையில் இருக்கிறது என்பதைக் கவனித்து வாருங்கள். கொலை நடந்த இரவைப் பற்றி உங்களுக்கென்று ஒரு முடிவு தோன்றும். அது தோன்றும் வரை கடைசியில் உள்ள முடிவுரையைப் புரட்டிப் பார்க்க வேண்டாம்.